காது வைக்காத மிருகம்

இப்போதெல்லாம் சுரூபம் கேட்டு வருகிறவன் எவனும் வாயைத் திறந்து பேசுவதில்லை. போனை எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறான். "இது மாதிரி வேணும் அண்ணாச்சி" என்கிறான். போனில் தெரிவது செபஸ்தியாரா, செபஸ்தியாருக்குப் பின்னால் நிற்கிற கொடிமரமா என்று கேட்டால், "பெருசாக்கிப் பாருங்க" என்று இரண்டு விரலால் கண்ணாடியைக் கிள்ளிக் காட்டுகிறான். கிள்ளினால் செபஸ்தியாரின் மூக்கு மட்டும் தெரியும். அந்த மூக்கை வைத்து ஆளுயரச் சுரூபம் செய்ய வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். செய்து கொடுத்தால், "போன்ல லேசா சிரிச்ச மாதிரி இருந்தாரே" என்று குறை. உடம்பெல்லாம் அம்பு வாங்கின மனுஷன் எதற்கடா சிரிக்கப் போகிறார்?

பர்னபாஸ் இதை தினமும் ஒரு தடவையாவது சொல்லித் திட்டுவார். கேட்க ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டின சந்தில் அவருடைய தகரக் கொட்டகை. மாதா, சூசையப்பர், வனத்து அந்தோணியார், கிறிஸ்மஸ் குடிலுக்கு ஆடு, மாடு, ஒட்டகம், எல்லாம் ஃபைபரில் வார்த்துக் கொடுப்பார். தெருவுக்குத் தெரு சுரூபம் வைக்கக் கெபி கட்டுகிற ஊரில் வேலைக்கா பஞ்சம்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். படித்தவன் ஒன்று சொன்னால் இரண்டு தடவை யோசிப்பார். படிக்காதவன் சொன்னால் மூன்று தடவை யோசிப்பார். நம்புவது என்ற பழக்கம் மட்டும் அவருக்கு வரவே இல்லை.

அப்படிப்பட்டவருக்கு ஜெஸ்லின் என்று ஒரு மகள். விலங்கியல் படித்து, மில்லர்புரம் தாண்டி ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். தற்காலிக வேலை. ஒவ்வொரு வருஷமும் கோடை லீவு முடிகிறபோது, "அடுத்த வருஷமும் வாங்க" என்று போன் வருமா, வராதா என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு மாதம் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள்.

தவக்காலம் தொடங்கின சமயம். ஒரு சாயங்காலம் ஜெஸ்லின் நேராகக் கொட்டகைக்கு வந்தாள்.

"அப்பா, ஒரு மிருகம் செய்யணும்."

"ஆடா, மாடா?"

"ரெண்டும் இல்ல. காலேஜ் கண்காட்சிக்கு. ஹராமியிட்னு பேரு. ஆதி காலத்துப் பாலூட்டி மாதிரி ஒண்ணு. பூண்டோட அழிஞ்சு போச்சு."

"சரி. எப்படி இருக்கும்?"

"சரியாத் தெரியாதுப்பா."

"வாலு?"

"இருந்திருக்கும்."

"நிறம்?"

"அது யாருக்குமே தெரியாது."

பர்னபாஸ் கையிலிருந்த பட்டிக் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏளா, தெரிஞ்சது ஏதாவது இருக்கா, இல்ல எல்லாமே தெரியாததுதானா?"

ஜெஸ்லின் கைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். பஞ்சுக்கு நடுவில் எள்ளுப் போல ஒன்று இருந்தது. பர்னபாஸ் கண்ணாடியை மாட்டி, கண்ணாடிக்கு மேலே பூதக்கண்ணாடியையும் பிடித்துப் பார்த்தார். எள்ளில் வரிசையாக முண்டு முண்டாக இருந்தது.

"பல்லு" என்றாள் ஜெஸ்லின். "ஒரிஜினல் இல்ல, நகல். தெலங்கானா பக்கம் பாறையில அந்த மாதிரி ஒரே ஒரு பல்லுதான் கிடைச்சிருக்கு."

"முழு மிருகத்துக்கும் இந்த ஒரு பல்லுதானா?"

"சீனாவுல அதோட சொந்தக்காரங்க முழு எலும்புக்கூடே கிடைச்சிருக்கு. அது கிடைச்ச பிறகுதான் சண்டை அதிகமாச்சு."

"சீனா சாமான்ல எது நின்னு உழைச்சிருக்கு?" என்றார் பர்னபாஸ். அவரைப் பொறுத்தவரை சீனாவின் மேல் இருந்த விசாரணை அதோடு முடிந்தது.

"என்ன சண்டை?" என்று பிறகு கேட்டார். சண்டை என்றால் மட்டும் அவருக்கு விவரம் வேண்டும்.

ஜெஸ்லின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கல்யாண வீடுன்னு வச்சுக்கோங்க. பந்தியில நாம, மாடு, எலி, திமிங்கிலம்னு எல்லாப் பாலூட்டியும் உக்காந்திருக்கோம். இந்த ஹராமியிட் எங்க இருந்துச்சுங்கறதுதான் சண்டை. எங்க துறைத் தலைவர் நேசக்குமார் சார், அது பந்தலுக்கு வெளிய நின்ன ஆளு, பந்தியில சேராதுங்கார். சென்னையில இருந்து டிக்சன் சார்னு ஒருத்தர் வாரார். அவரு, இல்ல, அது பந்தியில உக்காந்து சாப்பிட்ட சொந்தக்காரன்தாங்கார்."

"அழைப்பு வச்சாங்களா?"

"அப்பா!"

"பேரு என்ன சொன்னே?"

"ஹராமியிட். பேரு வச்சவரு அரபுச் சொல்லுல இருந்து எடுத்திருக்கார். சில்லறைத் திருடன்னு அர்த்தம்."

பர்னபாஸ் சிரித்தார். அது அவர் அடிக்கடி செய்கிற காரியம் இல்லை. "திருடன்னு பேரு வச்ச பொறவு எந்தச் சொந்தக்காரன் முன்னால வந்து, எங்க வீட்டுப் பயதான்னு சொல்லுவான்? இதுக்கு ஒரு காலேஜு, அதுல ரெண்டு வாத்தியாரு!"

"சிரிக்காதீங்கப்பா. என் வேலையை நிரந்தரம் ஆக்கதுக்கு இந்த ரெண்டு பேரும்தான் ஒப்புதல் தரணும். ஒருத்தர் சரின்னாப் பத்தாது. ரெண்டு பேரும் ஒரு விஷயத்துல ஒத்துப் போனதா சரித்திரமே கிடையாது. கண்காட்சி அன்னைக்குத்தான் நேர்முகம். நான் வைக்கிற மிருகத்தைப் பாத்ததும் நேசக்குமார் சார், 'ஓ, இவ டிக்சன் கட்சி'ன்னு நினைச்சா வேலை போச்சு. டிக்சன் சார், 'இவ நேசக்குமார் கட்சி'ன்னு நினைச்சாலும் போச்சு."

பர்னபாஸின் சிரிப்பு நின்றது. மகளின் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருப்பதை அப்போதுதான் கவனித்தார். "எதை வச்சுக் கட்சி பிரிப்பாங்க?"

"காதை வச்சு."

"காதா?"

"நம்ம காதுக்குள்ள குட்டிக் குட்டியா எலும்பு இருக்குல்லா? அது ஒரு காலத்துல தாடையில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அது தாடையை விட்டுக் காதுக்குக் குடி போயிருந்தா உள்ளாளு. தாடையிலயே கிடந்தா வெளியாளு."

பர்னபாஸ் தன் தாடையைத் தொட்டுப் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார். காதுக்குள் 'டொக்' என்றது. கடலைமிட்டாய் தின்கிறபோதெல்லாம் காதுக்குள் கேட்கிற சத்தம் நினைவுக்கு வந்தது. ஒரு நிமிஷம் உண்மையாக இருக்குமோ என்று தோன்றிவிட்டது. உடனே தலையை உதறி அந்த எண்ணத்தைத் துரத்தினார்.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"காது தெரியக் கூடாது" என்றாள் ஜெஸ்லின். "காது இல்லைன்னும் தெரியக் கூடாது."

"முக்காடு போட்டிரவா?"

"அப்பா!"

"பின்ன என்னளா செய்ய? மாதாவுக்கு முக்காடு போட்டா மட்டும் எல்லாரும் கும்பிடுதானுவ."

மறுநாள் வேலையைத் தொடங்கினார். மிருகம் எலியளவு என்று ஜெஸ்லின் சொல்லியிருந்தாள். ஆனால் கடைசி வரிசையில் நிற்கிற பிள்ளைக்கும் தெரிய வேண்டும், அதனால் பெரிதாகச் செய்யச் சொல்லியிருந்தாள். புதிதாக அச்சு எடுக்க நேரம் இல்லை. வனத்து அந்தோணியார் காலடியில் படுத்திருக்கிற பன்றியின் அச்சு கொட்டகையில் இருந்தது. உடம்புக்கு அது. கால் நகத்துக்குக் குடில் சிங்கத்தின் அச்சு. குடிலில் சிங்கம் ஏது என்று கேட்கக் கூடாது. ஒரு பணக்காரர் கேட்டார், இவர் செய்து கொடுத்தார். கண்ணுக்கு, கையிருப்பில் இருந்தது சுரூபங்களுக்கு வைக்கிற நீலக் கண்ணாடிக் கண்தான். வானத்தை நோக்கிப் பார்க்கிற கண். அதையே பதித்தார். மிருகம் உடனே பாவமன்னிப்புக் கேட்கிற முகத்துக்கு வந்துவிட்டது.

அழுத்தம் கொடுத்துச் செய்தது பல்லை மட்டும்தான். அதற்கு ஜெஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முண்டையும் அளந்து, இது உசரம், அது தாழ்வு என்று சொல்லிச் சொல்லி வாங்கினாள். நாலு தடவை சுரண்ட வைத்தாள். பர்னபாஸ் தலைகீழாக நின்று கத்தினார், அவள் அசையவில்லை.

காதுக்கு வழி அவரே கண்டுபிடித்தார். அருளப்பர் சுரூபத்துக்குத் தோள் வரை புரளுகிற முடி உண்டு, அலை அலையாக. அந்த அச்சில் முடியை வார்த்து மிருகத்தின் தலையில் ஒட்டினார். காது இருக்க வேண்டிய இடம் இரண்டு பக்கமும் முடிக்குள் போய்விட்டது. வால் பக்கம் வைக்கோலைப் பரப்பினார். முட்டை போட்டதா, குட்டி போட்டதா என்ற கேள்வியும் வைக்கோலுக்குள் போய்விட்டது.

மனைவி ரோஸ் வந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது என்ன, பன்னிக்கு உங்க தங்கச்சி சிண்டா?" என்றாள்.

"வாயை மூடு. உன் மக வேலை இதுல இருக்கு."

ரோஸ் வாயை மூடினாள். ஆனால் மிருகத்தையும் மூடினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

தவக்காலத்தில் சுரூபங்களை ஊதாத் துணி போட்டு மூடுவது வழக்கம். கோயிலில் கடைசி இரண்டு வாரம்தான் மூடுவார்கள். ரோஸ் விபூதிப் புதன் அன்றே கொட்டகையில் இருக்கிற எல்லாவற்றையும் மூடிவிடுவாள். மூடாத சுரூபம் பார்த்தால் அவளுக்குத் தவசு கலைந்துவிடுமாம். அதனால் கொட்டகையில் மாதா, சூசையப்பர், அந்தோணியார், மிருகம், எல்லாம் ஊதாத் துணிக்குள் வரிசையாக நின்றன.

மாப்பிள்ளையூரணியில் புதுக் கெபிக்குப் போக வேண்டிய சுரூபங்களை மந்திரிக்க கிளைட்டன் சாமியார் அன்றைக்கு வந்தார். பங்குச் சாமியார். வயது குறைவு, அவசரம் அதிகம். எந்தப் பூசையையும் பஸ் பிடிக்கிறவர் போல முடிப்பார். பர்னபாஸ் ரெசின் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ரோஸ்தான் சாமியாரை உள்ளே அழைத்து வந்தாள்.

"எல்லாம் ரெடியா?" என்று கேட்டபடியே சாமியார் தீர்த்தத்தைத் தெளித்துக்கொண்டு வந்தார். கடைசியில் நின்ற குட்டையான துணிமூட்டையைப் பார்த்ததும் நின்றார்.

"இது யாரு, குட்டையா?"

"அது காலேஜுக்குப் போகுது சாமி" என்றாள் ரோஸ்.

"காலேஜுக்கா! படிக்கிற பிள்ளைகளுக்குன்னா விசேஷமாச் செய்யணுமே." சாமியார் அன்றைக்கென்று பார்த்து அவசரப்படவில்லை. தீர்த்தம் தெளித்தார். தூபம் காட்டினார். மாணவர்களின் ஞானத்துக்காகவும், பரீட்சைக்காகவும், கெட்ட சகவாசம் விலகுவதற்காகவும் நீளமாக ஜெபித்தார். "இதைப் பார்க்கிற கண்களெல்லாம் உண்மையைக் கண்டடையட்டும்" என்று முடித்தபோது ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பர்னபாஸ் ரெசின் டப்பாவோடு உள்ளே நுழைந்ததும், கடல் காற்று துணியைத் தூக்கினதும் ஒரே நேரம்.

சாமியார் பார்த்தார். நீலக் கண், அருளப்பர் முடி, வாய் நிறையப் பல்.

"யேசுவே" என்றார்.

"சாமி, அது சுரூபம் இல்ல!" என்று பர்னபாஸ் கத்தினார். "அழிஞ்சு போன மிருகம்! என்ன காரியம் செஞ்சீய!"

சாமியார் கொஞ்சம் திணறினார். பிறகு படித்த ஆள் என்பதால் ஒரு வழி கண்டுபிடித்தார். "அந்தோணியார் திருநாள்ல ஆடு மாடு மந்திரிக்கோம்லா? அது மாதிரி எடுத்துக்கலாம்."

"அது உயிரோட இருக்க மாடு. இது செத்துக் கோடிக்கணக்குல வருஷம் ஆச்சு."

"செத்தவங்களுக்கும் மந்திரிப்போம்" என்று சொல்லிவிட்டுச் சாமியார் வேகமாகக் கிளம்பிப் போய்விட்டார்.

பர்னபாஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மந்திரிக்கிற வரை அது வெறும் ஃபைபர். அறுக்கலாம், உடைக்கலாம், தலையைக் கழற்றி வேறு தலை வைக்கலாம். மந்திரித்த பிறகு அரத்தையோ ரம்பத்தையோ அதன் மேல் வைக்க மாட்டார். ஒரு தடவை சம்மனசு மிக்கேலுக்கு இறக்கை கோணலாக இருக்கிறது என்று திருத்தச் சொல்லி கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். மந்திரித்தாகிவிட்டது, கோணலாகவே பறக்கட்டும் என்று திருப்பி அனுப்பியவர். சாமியாரை நம்ப மாட்டார், பிஷப்பை நம்ப மாட்டார், ஆனால் மந்திரித்த பொருளில் கை வைக்க மாட்டார். அது நம்பிக்கை இல்லை, பயம். பயத்துக்குப் படிப்பு தேவையில்லை.

மறுநாள் காலையில் மீன் விற்கிற சுடலைமாடத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பல்வலியாம். சாமியார் காலேஜுக்குத் தனியாக மந்திரித்த கதை அதற்குள் சந்து முழுக்கப் போயிருந்தது. துணியை நீக்கிப் பார்த்தாள். அந்தப் பல் வரிசையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இத்தனை பல்லை வச்சுக்கிட்டு இருக்க சாமி என் ஒத்தப் பல்லைக் கவனிக்காதா?" என்று ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தாள்.

"ஏளா, அது சாமி இல்ல. எலி."

"நம்ம பிள்ளையாருக்கு எலிதான வாகனம்" என்று போனாள்.

மத்தியானம் கருவாட்டைக் கடித்தபோது அந்தப் பல்லே விழுந்துவிட்டது. வலியும் போய்விட்டது. சாயங்காலம் கொட்டகை வாசலில் கன்னம் வீங்கின ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். பர்னபாஸ் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து திட்டினார். ஜெஸ்லின் வந்து பார்த்தாள். மிருகத்தின் முன்னால் எரிந்த மெழுகுதிரிகளையும், யாரோ போட்டிருந்த செவ்வந்தி மாலையையும் பார்த்தாள்.

"அப்பா, நான் ஒண்ணுதான கேட்டேன். ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கணும்னு. இப்ப ஊருக்கே பொதுவாயிட்டு" என்று அழ ஆரம்பித்தாள்.

மகள் அழுதால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. மாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அது சரியில்லை என்று அவருக்கே தோன்றி, திரும்ப வாங்கிக்கொண்டார்.

கண்காட்சி அன்று காலையில் குட்டியானை வண்டியில் மிருகத்தை ஏற்றினார்கள். தவக்காலம், அதனால் ரோஸ் ஊதாத் துணி இல்லாமல் அனுப்ப மறுத்துவிட்டாள். வழியெல்லாம் ஆட்கள் நின்று சிலுவை போட்டார்கள். சிக்னலில் ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். வண்டியின் பின்தட்டில் மிருகத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பர்னபாஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கல்லூரி அரங்கில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். நடுவில் மேஜை. மேஜைக்குப் பின்னால் பெரிய அட்டையில் கிளை கிளையாக ஒரு மரம் வரைந்திருந்தது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு மிருகத்தின் பெயர். இந்த மிருகத்துக்கு மட்டும் மரத்தில் இடம் போடாமல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தொங்கவிட்டிருந்தாள் ஜெஸ்லின். மேஜையின் ஒரு பக்கம் நேசக்குமார். நாசரேத்துக்காரர், சுரூபம் வைக்காத சபைக்காரர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, குரலிலும் இஸ்திரி. மறுபக்கம் டிக்சன். கட்டையான ஆள், சட்டைப்பையில் நாலு பேனா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்காக மிருகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெஸ்லின் துணியை எடுத்தாள்.

பின்வரிசையில் ஒரு பெண் பிள்ளை பழக்கதோஷத்தில் சிலுவை போட்டாள்.

"இது என்ன முடி?" என்றார் நேசக்குமார்.

"காது எங்க?" என்றார் டிக்சன்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன். காது எங்கே? மறைத்தது யார்?"

"மறைக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல. அங்க முறையான காது இருக்குன்னு காட்ட உங்களுக்கு மனசில்லை."

"எனக்கா? அங்கே தாடையெலும்பு தெரிந்துவிடும் என்று உங்களுக்குத்தான் பயம்."

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாக முடியைத் தூக்கிப் பார்க்க முயன்றார்கள். ஃபைபர் முடியை எப்படித் தூக்குவது? மிருகம் மேஜையில் ஆடியது. நேசக்குமார் வேலையாளைக் கூப்பிட்டார். "ஒரு ரம்பம் கொண்டு வாப்பா. இந்த முடியை எடுத்துவிடலாம்."

ஓரமாக நின்ற பர்னபாஸ் மேஜைக்கும் நேசக்குமாருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அறுக்கக் கூடாது."

"நீங்கள் யார் பெரியவரே?"

"செஞ்சவன். இதை மந்திரிச்சாச்சு. மந்திரிச்சதுல ரம்பம் வைக்கக் கூடாது."

நேசக்குமார் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார். "எதை மந்திரித்தீர்கள்?"

"இதைத்தான். பங்குச் சாமியார், தீர்த்தம், தூபம், எல்லாம் முறைப்படி. பிள்ளைகள் பரீட்சைக்கும் சேர்த்து."

பிள்ளைகள் பக்கம் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் இருந்த ஒருவன் ஓசைப்படாமல் தன் பேனாவை எடுத்து மிருகத்தின் கால் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அடுத்தவனும் வைத்தான்.

"எங்கள் சபையில் இதெல்லாம் கிடையாது" என்றார் நேசக்குமார்.

"அப்ப கையை எடுங்க. எங்க சபையில இருக்கு."

"பெரியவரே" என்று டிக்சன் சமாதானமாக வந்தார், "இது ஒரு விஞ்ஞான விஷயம். இந்த ஜீவன் யாருக்குச் சொந்தம்னு கண்டுபிடிக்கணும், அதுக்குத்தான் காது."

"சொந்தம் தெரியணும்னா ஓலை வாசிக்க வேண்டியதுதான" என்றார் பர்னபாஸ். "எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு ஓலை வாசிப்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவன் வந்து சொல்லுன்னு. எந்தச் சந்துல எவன் எவளுக்குச் சித்தப்பன் முறைன்னு எல்லாம் வந்து விழுந்திரும். நீங்க ரெண்டு பேரும் இத்தனை நாளா அதைச் செய்யாம என்ன செஞ்சீய?"

"யாரு வந்து சொல்லுவா?" என்று டிக்சன் தன்னையும் மறந்து கத்தினார். "தெரிஞ்சதெல்லாம் செத்துப் போச்சே ஐயா!"

"அப்ப நீங்க ரெண்டு பேரும் அங்கன இருந்தீயளா?"

நேசக்குமார் மேஜையில் அடித்தார். "பன்றி உடம்பு! சிங்க நகம்! வானத்தைப் பார்க்கிற கண்! டாக்டர் டிக்சன், நான் கேட்கிறேன், இது ஹராமியிடா?"

"நிச்சயமா இல்ல சார்" என்றார் டிக்சன்.

"பாலூட்டிகளுக்கு உள்ளேயா?"

"உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. இது எந்தக் கிளையிலயும் சேராது."

"நானும் அதைத்தான் சொல்கிறேன்!"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரங்கில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். நேசக்குமார் தயங்கிக் கையை நீட்டினார், டிக்சன் பிடித்துக் குலுக்கினார்.

ஜெஸ்லின் முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. அவர்கள் ஒத்துப்போனது அவள் வைத்த மிருகம் தப்பு என்பதில்.

"ஜெஸ்லின்" என்று டிக்சன் திரும்பினார், "காதை மறைக்கச் சொன்னது நீங்களா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். 'நான்தான் மறைச்சேன், அவளுக்குத் தெரியாது' என்று சொல்ல பர்னபாஸ் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ஆமா சார். நான்தான் சொன்னேன். காது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி வைக்க மனசு வரல. ரெண்டு பேருக்கும் பயந்தும்தான் சார், பொய் சொல்லல. எனக்கு உறுதியாத் தெரிஞ்சது அந்தப் பல்லு மட்டும்தான். அதை மட்டும் நான் பக்கத்துல உக்காந்து அளந்து செய்ய வச்சேன். மத்ததெல்லாம் எங்கப்பா."

பிள்ளைகள் சிரித்தார்கள். பர்னபாஸுக்கு அது புகழ்ச்சியா, இகழ்ச்சியா என்று விளங்கவில்லை.

டிக்சன் குனிந்து மிருகத்தின் வாய்க்குள் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்தார். நேசக்குமாரும் குனிந்தார். ஒரே லென்ஸ், இரண்டு தலை. மிருகம் இரண்டு பேரையும் ஒன்றாக விழுங்கப் போவது போல இருந்தது. முண்டு முண்டாக எண்ணினார்கள், எதையோ முணுமுணுத்தார்கள், டிக்சன் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார்.

"பின் வரிசை உயரம் சரி" என்றார் நேசக்குமார்.

"தேய்மானம் கூடக் காட்டியிருக்கா" என்றார் டிக்சன்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். நேசக்குமார் தொண்டையைச் செருமினார். "மற்றதெல்லாம் அபத்தம். ஆனால் தெரிந்ததையும் தெரியாததையும் இந்த அம்மா குழப்பவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க அது போதும். என்ன டாக்டர்?"

"ஒத்துக்கிறேன்" என்றார் டிக்சன். அன்றைக்கு அவருக்கு அது பழக்கமாகிவிட்டிருந்தது.

ஜெஸ்லின் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இந்தத் தடவை அழுகை வேறு என்று பர்னபாஸுக்கே தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றார்.

"வேலை குடுத்துட்டானுவளா?"

"குடுத்துட்டாங்கப்பா."

"உறுதியாவா? நாளைக்கு மறுபடி சண்டை போட்டுக்கிட்டு, இல்லைன்னு சொல்ல மாட்டானுவளே?"

"மாட்டாங்கப்பா."

"ம்" என்றார். அந்த 'ம்'மில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு பல்லைப் பார்த்து வேலை கொடுக்கிறவன், இன்னொரு பல்லைப் பார்த்துப் பிடுங்க மாட்டான் என்று என்ன நிச்சயம்?

அதற்குள் மிருகத்தைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். காலடியில் பேனா குவிந்திருந்தது. யாரோ ஹால் டிக்கெட்டையே வைத்திருந்தார்கள். நேசக்குமார் அவற்றை எடுத்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டிக்சன் மரம் வரைந்த அட்டைக்கு முன்னால் நின்று பர்னபாஸைக் கைகாட்டி அழைத்தார். மனுஷன் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"வாங்க பெரியவரே, சண்டை எங்களுக்குள்ளதான். உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன். இந்தக் கிளையில நாம. இங்க எங்கயோ பக்கத்துல அது. இன்னும் கீழ, இந்தா, இந்த இடத்துல பாத்தீங்களா? இங்க நமக்கும் அதுக்கும் ஒரே பாட்டன். அதுல மட்டும் எனக்கும் அவருக்கும் சண்டையே கிடையாது."

பர்னபாஸ் அந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு கோடு இன்னொரு கோட்டோடு சேர்ந்திருந்தது. பாட்டன் யாரும் இல்லை.

"பேரு என்ன அந்தப் பாட்டனுக்கு?"

"பேரு தெரியாது."

"ஊரு?"

டிக்சன் சிரித்தார்.

"அப்பா, பிரியாணி சொல்லியிருக்காங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று ஜெஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இப்பவாவது நம்புதீங்களா, நமக்கும் அதுக்கும் ஒட்டு உறவு உண்டுன்னு?"

"எங்க குடும்பத்துல எனக்குத் தெரிஞ்சு ஒருத்தனுக்கும் பல்லுல முண்டு கிடையாது" என்றார் பர்னபாஸ். "உங்க அம்மை வகையில வேணா விசாரிச்சுப் பாரு. விளாத்திகுளத்துப் பக்கம் அவளுக்கு ஒரு மாமன் இருந்தான், அவனைப் பாத்தா எனக்குச் சந்தேகம்தான்."

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பின்னால் ஜெஸ்லின் கூப்பிட்டாள். டிக்சனும் ஏதோ சொன்னார், பாறை, காலம், சான்று என்று. பர்னபாஸ் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டிவிட்டு, "பேரில்லாத பாட்டனாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வெயிலில் நடந்தார்.